சுவரில் உண்ணி ஏறுகிறது, கருப்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கருப்பிவீடு (மடிப்பாக்கம்) | அக்டோபர் 12, இரவு 10.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

கருப்பி எங்கள் நாட்டு நாய். மூன்று வயது, 16 கிலோ. குட்டியாக சாக்கடை ஓரம் கிடந்தவளை மகள்தான் பள்ளிப் பையில் வைத்துத் தூக்கி வந்தாள். தரைத்தள வீடு, பின்னால் துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம். ஆவணியில் இரண்டு மழை பெய்ததும் அவள் காதுக்குள் ஒன்றிரண்டு உண்ணி தெரிந்தது. எடுத்துப் போட்டோம். அப்புறம் கடையில் உண்ணி ஷாம்பு வாங்கி ஞாயிறுதோறும் குளிப்பாட்டுகிறோம். குளித்த அன்று உடம்பு சுத்தமாக இருக்கும், புதன்கிழமை பார்த்தால் கால்விரல் இடுக்கில் மறுபடியும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். காலர் வாங்கிக் கட்டினோம். எதுவும் குறையவில்லை.

நேற்று ராத்திரி மகள் கூப்பிட்டாள், கட்டிலுக்கு மேலே சுவரில் ஏதோ நகர்கிறது என்று. டார்ச் அடித்தேன். எள்ளைவிடச் சின்னதாக, பழுப்பாக, சுவிட்ச் போர்டின் ஓரத்திலிருந்து சீலிங் வரைக்கும் கோடு இழுத்த மாதிரி ஏறிக்கொண்டிருந்தன. ஒட்டுத்தாளில் ஒற்றி ஒற்றி எடுத்தேன், எண்ணிக்கை 41. அவள் அழுதுவிட்டாள்.

மாமியார் இன்று காலையில் சொல்லிவிட்டார், நாயை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று. வீட்டு ஓனர் காதுக்குப் போனால் அவரும் அதையேதான் சொல்வார். எனக்கு அது முடியாது. இவ்வளவு குளிப்பாட்டியும் எங்கிருந்து வருகிறது, குழந்தையைக் கடிக்குமா, எதிலிருந்து ஆரம்பிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பூனை ஒன்றும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தெருக்குட்டி (திருச்சி) | அக்டோபர் 12, இரவு 11.25

அண்ணா, முதலில் ஒன்று. கருப்பியை எங்கும் விட வேண்டாம். அவளை அனுப்பினாலும் உண்ணி போகாது, அது உங்கள் சுவரில் இருக்கிறது. நாய் போய்விட்டால் பசியோடு காத்திருப்பது அடுத்தபடியாக உங்களைத்தான் தேடும். இதை அப்படியே மாமியாரிடம் சொல்லுங்கள்.

நான் ஒன்பது வருடமாக அடிபட்ட, நோய்ப்பட்ட தெருநாய்களை வீட்டு மாடியில் வைத்துத் தேற்றி அனுப்புகிறேன். நீங்கள் செய்கிற அதே தப்பை இரண்டு வருடம் செய்தேன். நாயைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினேன், வீட்டைப் பார்க்கவே இல்லை.

நம் ஊரில் நாயிடம் இருப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. மாட்டு உண்ணி வேறு, அது ஒரே மாட்டின் மேலேயே தோலுரித்து வளர்ந்துவிடும். நாய் உண்ணி அப்படிக் கிடையாது. குஞ்சு ஒரு தடவை ரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கும், எங்கேயாவது இடுக்கில் போய்த் தோலுரிக்கும், மறுபடி நாயிடம் வரும், குடிக்கும், இறங்கும், மறுபடி தோலுரிக்கும், பெரியதாகி மூன்றாவது தடவை வரும். கடைசியில் பெண் உண்ணி வயிறு புடைக்கக் குடித்து இறங்கி முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போகும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும், 4,000 வரைகூட. ஆக, அதன் ஆயுளில் நாய் மேல் இருப்பது சில வாரம் மட்டும். மீதி நாளெல்லாம் உங்கள் வீட்டில்.

நீங்கள் எண்ணிய 41 எல்லாமே குஞ்சுகளாக இருக்கும். குஞ்சுக்கு ஆறு கால், பெரியதற்கு எட்டு. லென்ஸ் இருந்தால் பாருங்கள். குஞ்சுகள் கூட்டமாக ஏறுகிறது என்றால் அந்தச் சுவரிலேயே எங்கேயோ ஒரு முட்டைக் குவியல் பொரிந்திருக்கிறது. இந்த உண்ணிக்கு மேலே ஏறும் பழக்கம் உண்டு, அதனால் தரையை மட்டும் துடைத்துப் பயனில்லை. சுவிட்ச் போர்டு, கதவு நிலை, ஜன்னல் சட்டம், மாட்டியிருக்கும் படங்களின் பின்பக்கம், கட்டில் கால் திருகு, இதெல்லாம் பாருங்கள்.

எனக்குக் கண் திறந்தது எப்போது என்றால், ஒரு நாள் ஒட்டடை அடிக்கச் சாமி படத்தைக் கழற்றினேன். ஆணி ஓட்டைக்குப் பக்கத்தில் ஆமணக்கங்கொட்டை மாதிரி உப்பிய உண்ணி ஒன்று, சாம்பல் நிறத்தில், அசையாமல் இருந்தது. அதன் முகத்துக்கு முன்னால் ஒரு குவியல், ஒவ்வொன்றும் கேழ்வரகைவிடப் பொடியாக, தேன் நிறத்தில் பளபளவென்று. அந்த ஒரு படத்துக்குப் பின்னால் அவ்வளவு இருக்கும்போது நான் ஷாம்புவுக்குக் காசு கொட்டிக்கொண்டிருந்தேன்.

நாளைக்கே செய்ய வேண்டியது: கருப்பி படுக்கும் சாக்கு, பாய் எல்லாவற்றையும் கொதிநீரில் ஊறப்போட்டுத் துவைத்து வெயிலில் போடுங்கள். முடிந்தால் பழையதை எரித்துவிடுங்கள். படங்களைக் கழற்றுங்கள். பிடித்ததை விரலால் நசுக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் அல்லது ஸ்பிரிட் உள்ள பாட்டிலில் போடுங்கள்.

வைகைக்கரை (மதுரை) | அக்டோபர் 13, காலை 6.10

தம்பி, நான் முப்பது வருடமாக ராஜபாளையமும் கோம்பையும் வளர்த்தவன். எங்கள் காலத்தில் மாத்திரை எல்லாம் கிடையாது. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துக் காது மடல், கழுத்து, விரல் இடுக்கில் தடவுவோம். வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவோம். நாய் கட்டும் இடத்தில் சாயங்காலம் வேப்பிலைப் புகை போடுவோம். முற்றத்தில் கோழி மேயும், கீழே விழும் உண்ணியைப் பொறுக்கித் தின்றுவிடும். மாட்டோடு திரியும் வெள்ளைக் கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பெரியவர்கள் பார்க்காமலா வைத்தார்கள்? ஆங்கில மருந்தை வாயில் கொடுத்து நாயின் குடலைக் கெடுக்காதீர்கள். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசினால் ஒன்றுகூட நிற்காது.

கால்நடைமரு (நாமக்கல்) | அக்டோபர் 13, மதியம் 2.15

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். அந்த முற்றமும் கோழியும் பெரிய காவல்தான். ஆனால் கருப்பி இருப்பது சிமெண்ட் வீடு, சுவருக்குச் சுவர் இடுக்கு, கோழி கிடையாது. வேப்பெண்ணெய் வாசனைக்கு உண்ணி கொஞ்சம் ஒதுங்கும், இவ்வளவு பெருகிய பிறகு அது மட்டும் போதாது. சீத்தாப்பழ விதை வேண்டவே வேண்டாம், தயவுசெய்து. அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும், நாய்க்கும் சரி, அரைக்கிறவருக்கும் சரி. அதே மாதிரி மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர், எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ், கற்பூரம், பூண்டு. இவை எல்லாவற்றையும் போட்டுவிட்டு வாந்தியும் நடுக்கமுமாகத் தூக்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நாயும் பூனையும் உடம்பில் எதைப் பூசினாலும் நக்கும். அது நினைவில் இருந்தால் பாதி விபத்து நடக்காது.

கருப்பிவீடு சார், உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஷாம்பு அன்றைக்கு உடம்பில் இருப்பதைக் கொல்லும், அலசியதும் மருந்து போய்விடும். சுவரிலிருந்து அடுத்த கூட்டம் ஏறும். உங்களுக்குத் தேவை உடம்பில் வாரக்கணக்கில் நிற்கிற மருந்து. இப்போது நாய்களுக்கு மாத்திரைகள் வந்துவிட்டன. அஃபோக்சோலானர் ஒரு மாதம் காக்கும், ஃப்ளூரலானர் 12 வாரம். உண்ணி கடித்த பிறகுதான் மருந்து அதற்குள் போகும், அதனால் மாத்திரை கொடுத்த பிறகும் கருப்பி மேல் உண்ணி தெரியும், பயப்பட வேண்டாம், அது செத்துக்கொண்டிருக்கும். இன்னொரு வழி, பிடரியில் விடும் சொட்டு மருந்து, ஃபிப்ரோனில் போன்றவை. அதைப் போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. வாராவாரம் குளிப்பாட்டுகிறவர்களுக்கு இதனால்தான் அது வேலை செய்வதில்லை. வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனில் அதன் மேல் படவே கூடாது.

எடை போட்டுப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். இதுவரை வலிப்பு வந்திருக்கிறதா என்று அவர் கேட்பார், அதை மறைக்காதீர்கள்.

உண்ணியை எடுக்க நுனி கூரான சாமணம் போதும். தோலை ஒட்டி, வாய்ப்பகுதியைப் பிடித்து, நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். வயிற்றை அழுத்தக் கூடாது, சூடு வைக்கக் கூடாது, எண்ணெய் ஊற்றிக் காத்திருக்கவும் கூடாது. அப்புறம் கையைக் கழுவுங்கள். கையால் நசுக்கினால் அதற்குள் இருக்கும் கிருமி விரலில் உள்ள சின்னக் கீறல் வழியாக மனிதருக்கும் வரலாம்.

இனிமேல் நான் சொல்வதுதான் முக்கியம். அவள் ஈறு, கண் இமையின் உட்பக்கம் வெளுத்திருக்கிறதா, சாப்பாட்டில் மந்தம் இருக்கிறதா, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், காபி நிறத்தில் மூத்திரம், இதில் ஏதாவது தெரிகிறதா என்று தினமும் பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை.

அண்ணாநகர்ராம் | அக்டோபர் 13, மாலை 5.50

இந்த மாத்திரைகளால் வலிப்பு வரும் என்று அமெரிக்க அரசே எச்சரித்ததாகப் படித்தேன். என் லாப்ரடாருக்கு அதனால் கொடுக்கவில்லை. மருத்துவர் இதற்கு என்ன சொல்கிறார்?

கால்நடைமரு | அக்டோபர் 13, இரவு 9.05

சரியாகப் படித்திருக்கிறீர்கள். 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அந்த எச்சரிக்கையை வெளியிட்டது. இந்த வகை மருந்துகளால் சில பிராணிகளுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்றார்கள். அதே அறிக்கையில், பெரும்பாலான நாய்களுக்கும் பூனைகளுக்கும் இவை பாதுகாப்பானவை என்றும் சொன்னார்கள், மருந்தைத் திரும்பப் பெறவில்லை. உங்கள் நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் நான் வேறு மருந்து எழுதுவேன். இல்லை என்றால், இரண்டு ஆபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நம் ஊர் உண்ணி எர்லிக்கியா, பபீசியா என்ற இரண்டு ரத்த நோய்க் கிருமிகளைத் தூக்கிக்கொண்டு திரிகிறது. எர்லிக்கியா உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே நாயின் ரத்தத்துக்குள் போய்விடக்கூடியது. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தது இந்த எர்லிக்கியாவால்தான், குண்டடியால் இல்லை. அதற்குப் பிறகுதான் உலகம் இந்த நோயைத் திரும்பிப் பார்த்தது.

மியாவ்அம்மா (புதுச்சேரி) | அக்டோபர் 14, காலை 11.30

கருப்பிவீடு சார் பூனையைப் பற்றிக் கேட்டிருக்கிறார், யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்லியே ஆக வேண்டும்.

போன வருடம் என் பூனை செல்லம் விடாமல் சொறிந்துகொண்டிருந்தாள். நாய், பூனைச் சாமான் விற்கும் ஒரு கடையில் கேட்டேன். பூனைக்கானது தீர்ந்துவிட்டது, இது நாய்க்கானது, பாதி அளவு விடுங்கள் என்று ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். நானும் நம்பிப் பிடரியில் விட்டேன். மாலை 4 மணிக்கு விட்டது, 7 மணிக்கு அவள் காது துடித்தது. பிறகு முகம். தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கி நடந்தவள் முன்னங்கால் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தாள். உடம்பு முழுக்க நடுங்கியது, எல்.ஈ.டி. விளக்கு மினுக்குவது போல, நிற்கவே இல்லை. மருந்து அட்டையை எடுத்துப் படித்தேன், பெர்மெத்ரின் என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில் பூனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் இருந்தது.

போனில் மருத்துவர் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டுப் பிடரியைக் கழுவி, துண்டில் சுற்றி, ஆட்டோவில் ஓடினோம். இரண்டு நாள் டிரிப்ஸ், வலிப்புக்கு ஊசி. பிழைத்துவிட்டாள். அதே மாதம் எனக்குத் தெரிந்த இன்னொரு வீட்டுப் பூனை இதே மருந்தில் பிழைக்கவில்லை.

நாயின் கல்லீரல் முறித்துவிடும் மருந்தைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது என்று மருத்துவர் பிறகு விளக்கினார். அளவைப் பாதியாக்கினாலும் விஷம் விஷம்தான். நாய்க்கு அதைப் போட்டிருந்தால் இரண்டு மூன்று நாளாவது பூனை அதன் மேல் படுக்காமல், நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூனைக்கு என்றே எழுதியிருக்கும் மருந்து, பூனையின் எடைக்கு. வேறு எதுவும் வேண்டாம்.

தெருக்குட்டி | அக்டோபர் 14, மதியம் 12.05

அக்கா, இதை எல்லாக் குழுவிலும் போட வேண்டும். அமிட்ராஸ் தண்ணீரில் கலந்து தேய்க்கும் மருந்தும் பூனைக்கு ஆகாது. நாய்க்கே அதைக் காற்றோட்டமான இடத்தில் கையுறை போட்டுத்தான் தேய்க்க வேண்டும். கைக்கு வந்த அளவு ஊற்றினால் நாய் மயங்கிக் கிடக்கும்.

குன்றத்தூர்கணேஷ் | அக்டோபர் 14, இரவு 8.20

செய்தியில் உண்ணிக் காய்ச்சல் என்று அடிக்கடி வருகிறதே, அது வீட்டு நாயிடமிருந்துதான் வருகிறதா? எங்கள் தெருவில் இதைச் சொல்லியே இரண்டு நாய்களை விரட்டிவிட்டார்கள்.

கால்நடைமரு | அக்டோபர் 14, இரவு 9.40

இல்லை. இந்தப் பெயர்க் குழப்பத்தால் எத்தனையோ நாய்கள் தெருவுக்கு வந்துவிட்டன. நாளிதழ்களில் மனிதர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு நுண்சிலந்தியின் குஞ்சு, கண்ணுக்கே தெரியாத அளவு. எலி போன்ற கொறிக்கும் பிராணிகளை ஒட்டி அது வாழ்கிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கலாம். நாய் உண்ணிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நாய்க்கு வருகிற எர்லிக்கியா காய்ச்சலும் நாயைத் தொடுவதால் மனிதருக்கு வராது. நாய் உண்ணி மனிதருக்குத் தரக்கூடியது வேறொரு புள்ளிக் காய்ச்சல், அதுவும் உண்ணி கடித்தோ நசுங்கியோ வருவது. குழந்தைக்கு இரண்டு மூன்று நாள் விடாத காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் வீட்டில் உண்ணி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது போதும்.

கருப்பிவீடு | அக்டோபர் 16, இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. நேற்று மருத்துவரிடம் போய், எடை போட்டு, 12 வார மாத்திரை கொடுத்தாகிவிட்டது. விலை கையைக் கடித்தது. ஆனால் இரண்டு மாதமாக ஷாம்பு, காலர், பவுடர் என்று வாங்கியதைக் கூட்டிப் பார்த்தேன், அதற்குக் குறைவில்லை.

தெருக்குட்டி சொன்னபடி மகள் அறையில் சுவிட்ச் போர்டு மூடியை மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினேன். உள்ளே பெட்டியின் மூலையில் தோலுரித்த சட்டைகள், உலர்ந்த பெரிய உண்ணிகள் நான்கு, பொரிந்த முட்டைத் தோல் பொடிப் பொடியாக. கருப்பி மத்தியானம் அந்தச் சுவரில் முதுகை வைத்துத்தான் தூங்குவாள், ஃபேன் காற்று வருமென்று. மூன்று அடி உயரத்தில் போர்டு. அவளிடமிருந்து இறங்கி ஏறுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. இரண்டு மாதமாக நான் பின்பக்கத்து முருங்கையையும் புல்லையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வேக்குவம் வைத்து எல்லா இடுக்கையும் இழுத்து, தூசிப் பையைக் கட்டி வெளியே போட்டேன். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த விரிசலை வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம். பூச்சி மருந்து அடிக்க ஆள் வருகிறார் நாளைக்கு, நாய் இருக்கிறது, பூனை வந்துபோகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

தெருக்குட்டி | அக்டோபர் 16, இரவு 10.50

மருந்து அடித்தால் நன்றாகக் காயும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது அண்ணா, மீன்தொட்டி இருந்தால் மூடி, காற்று மோட்டாரை நிறுத்திவிடுங்கள். பூனையை அன்று முழுக்க வெளியே பார்த்துக்கொள்ளுங்கள். முட்டைக்குள் இருப்பதை மருந்து தொடாது, அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை அடிக்க வேண்டியிருக்கும். அதற்குள் புதிதாக ஏறுவதைப் பார்த்து மனசு விட்டுவிடாதீர்கள். பசியோடு மாதக்கணக்கில் கிடக்கும் பிராணி இது, பெரிய உண்ணி ஒரு வருடத்துக்கு மேல்கூடத் தாங்கும்.

கருப்பிவீடு | அக்டோபர் 19, காலை 5.35

மருத்துவரே, பார்த்தால் உடனே பதில் போடுங்கள். நேற்றிலிருந்து கருப்பி சாப்பாட்டைத் தொடவில்லை. இப்போது மூக்கின் இடது துவாரத்திலிருந்து ரத்தம் சொட்டுகிறது. தரையில் ஏழெட்டுச் சொட்டு. ஈறு வெளுப்பாக இருக்கிறது. காய்ச்சலுக்கு வீட்டில் பாரசிட்டமால் இருக்கிறது, கொடுக்கலாமா?

கால்நடைமரு | அக்டோபர் 19, காலை 5.50

மனிதர் மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். வலிமாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும், பூனைக்குப் பாரசிட்டமால் உயிரையே எடுக்கும், வீட்டில் அதை எட்டாத இடத்தில் வையுங்கள். கருப்பியைக் குளிர்ந்த தரையில் அமைதியாகப் படுக்க வையுங்கள், ஓட விடாதீர்கள், கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள், மூக்கின் மேல் துணியில் சுற்றிய ஐஸ். மருத்துவமனை திறந்ததும் போய்விடுங்கள். ரத்த அணுக்கள் எண்ணிக்கை, பிளேட்லெட், ரத்தப் பூச்சு (ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது), மூன்றையும் கேளுங்கள். மாத்திரை கொடுத்து நான்கு நாள்தான் ஆகிறது, கிருமி அதற்கு முன்பே ஏறியிருக்கும். எர்லிக்கியா உடம்பில் புகுந்து நோய் தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும்.

கருப்பிவீடு | அக்டோபர் 19, இரவு 9.30

பிளேட்லெட் 38,000. குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டுமாம். எர்லிக்கியாதான் என்றார்கள். டாக்சிசைக்ளின் 28 நாள், ஒரு வேளைகூட விடக் கூடாது, சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் உணவுக்குழாய் எரியும் என்று சொல்லி அனுப்பினார்கள். டிரிப்ஸ் போட்டார்கள். இப்போது என் காலடியில் படுத்திருக்கிறாள். மூக்கில் ரத்தம் நின்றிருக்கிறது. மாமியார் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு நக்கடி நக்கடி என்று அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்.

வைகைக்கரை | அக்டோபர் 20, காலை 6.00

தம்பி, இரவு முழுக்க இதுதான் ஞாபகம். 2009இல் எங்கள் கோம்பை இப்படித்தான் மூக்கில் ரத்தம் வந்து போனாள். வெயில் சூடு என்று நினைத்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தோம். உண்ணியால் என்று இந்தப் பேச்சைப் படித்த பிறகுதான் தெரிகிறது. 28 நாளும் கொடுங்கள். இரண்டாம் வாரத்தில் நாய் தெளிந்துவிடும், அப்போது நிறுத்தத் தோன்றும், நிறுத்திவிடாதீர்கள்.

சரவணம்பட்டிகீதா (கோவை) | அக்டோபர் 26, மாலை 4.15

கருப்பி எப்படி இருக்கிறாள்? நடுவில் என் கேள்வியையும் நுழைக்கிறேன், மன்னிக்கவும். எங்களுடையது ஐந்தாவது மாடி, பூனை வெளியே போவதே இல்லை. உண்ணி இல்லை, ஆனால் முடிக்குள் சின்னச் சின்னக் கருப்புப் பொடி, பூனை சொறிகிறாள், வால் பக்கம் முடி கொட்டுகிறது. எங்கள் கணுக்காலிலும் சிவப்பு சிவப்பாகக் கடி. பேன் என்று சொல்கிறார்கள்.

மணற்காட்டான் (யாழ்ப்பாணம்) | அக்டோபர் 26, மாலை 6.00

அக்கா, அது பேன் இல்லை, தெள்ளு. எங்கட பக்கம் எல்லாரும் தெள்ளு எண்டுதான் சொல்லுவினம். பேன் மெதுவாக ஊரும், தெள்ளு பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், விரல் வைத்ததும் பாயும். ஒரு வேலை செய்யுங்கோ, வெள்ளை டிஷ்யூவை நனைத்து அந்தக் கருப்புப் பொடியை அதில் உதறுங்கோ. சுற்றிவரச் செம்பழுப்பாக ஊறினால் அது தெள்ளின் எச்சம், ஜீரணமான ரத்தம். மண் என்றால் ஊறாது.

கால்நடைமரு | அக்டோபர் 26, இரவு 9.10

தம்பி சொன்ன டிஷ்யூ சோதனைதான் நாங்களும் செய்வது. கீதாம்மா, மாடிவீட்டுக்குத் தெள்ளு உங்கள் செருப்பிலோ, வந்துபோன இன்னொரு பிராணி மூலமோ வந்திருக்கும். உண்ணி மாதிரி இது இறங்கி ஏறாது, வளர்ந்த தெள்ளு பூனை மேலேயே தங்கும், ஆனால் ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும், அது வழுக்கிக் கீழே கொட்டும். சோபா இடுக்கு, மெத்தை, கால்மிதி. பூனை எங்கே தூங்குகிறதோ அங்கே. புழு அந்தக் கருப்புப் பொடியைத் தின்று வளர்ந்து கூடு கட்டும். கூட்டுக்குள் இருப்பதை எந்த ஸ்பிரேயும் தொடாது. மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்ச்சியும் உடல் சூடும் பட்டதும் வெளியே பாயும். பூட்டிவைத்த வீட்டைத் திறந்ததும் கணுக்காலில் கடி வாங்குவது இதனால்தான்.

தினமும் வேக்குவம் இழுங்கள், அந்த அதிர்வுக்கே கூட்டிலிருந்து வெளியே வரும். பூனைக்கான மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் போடுங்கள். அவள் பின்பக்கத்திலோ படுக்கையிலோ அரிசி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு, தெள்ளை நக்கி விழுங்குவதால் வருவது. பூச்சி மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சரவணம்பட்டிகீதா | அக்டோபர் 26, இரவு 10.00

டிஷ்யூ சிவந்துவிட்டது. அரிசியும் இருக்கிறது. நாளைக்கே கூட்டிப்போகிறேன்.

கருப்பிவீடு | நவம்பர் 30, காலை 9.20

ஒரு மாதம் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

பிளேட்லெட் ஒரு வாரத்தில் 1,40,000, மருந்து முடிந்த அன்று 2,60,000. நவம்பர் 15ஆம் தேதியோடு 28 நாள் முடிந்தது. வைகைக்கரை ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, இரண்டாம் வாரம் அவள் துள்ளிய துள்ளலில் போதும் என்று எனக்கே தோன்றியது. ஐயா எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டுத் தொடர்ந்தோம். இழந்த எடையில் ஒன்றரை கிலோ திரும்பியிருக்கிறது.

வீட்டுக்கு இரண்டாம் தடவை மருந்து அடித்தோம். கேட் முன்னால் படுக்கும் இரண்டு தெருநாய்களுக்கும் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கறித்துண்டில் வைத்துக் கொடுத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பூனை மருந்து, அவர்களிடம் கேட்டுவிட்டு. மியாவ்அம்மா எழுதியதை அவர்களுக்கும் அனுப்பினேன்.

மகள் ஒரு நோட்டில் ஞாயிறுதோறும் எண்ணி எழுதுகிறாள். டார்ச், ஒட்டுத்தாள், ஒரு ஸ்டூல், எல்லாச் சுவரும். முதல் பக்கத்தில் 41, அப்புறம் 33, 36, 17, 6, 6, 0. இன்று 2. அந்த இரண்டும் குளியலறைக் கதவுக்குக் கீழே காய்ந்து செத்துக் கிடந்தன. எழுதலாமா வேண்டாமா என்று கேட்டாள், எழுதச் சொன்னேன்.

அடுத்த மாத்திரை ஜனவரி 7. மாமியார் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வைத்திருக்கிறார்.

தெருக்குட்டி | நவம்பர் 30, காலை 9.45

அண்ணா, எண்ணிக்கையைக் கோடை முடியும்வரை நிறுத்த வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போட்டால் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவேன்.